ரோஜா இலையில் விழுந்த கத்தரி

தையற்காரி ஒரு ரவிக்கையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மாமியாரின் படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட, நர்ஸான நான் போயிருந்தேன். புண் பெரிதாகியிருந்தது.

"பெரியவங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறியா இல்லையா?"

"ஒரு ஆளா எப்படிக்கா புரட்டறது? மாடி மகாராணி இறங்கி வரணுமே!"

மகாராணி என்றது நாத்தனாரை. இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. காரணம், கொல்லையில் நின்ற ரோஜாச் செடி. இலை விளிம்புகளில் வட்டம் வட்டமாகத் துண்டு போயிருந்தது, பிசிறில்லாமல். வேறொருத்தி என்றால் பூச்சி என்று விட்டிருப்பாள். துணி வெட்டியே பழகியவளுக்கு அது கத்தரிக்கோல் வேலையாகத்தான் தெரிந்தது. "என் கத்தரியை எடுத்தது யாருன்னு தெரியும்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். நாத்தனார் அன்றோடு இறங்கவில்லை. அவதி படுக்கையில் கிடந்தவளுக்கு.

கட்டு முடிந்து கை கழுவக் கொல்லைக்குப் போனேன். தையற்காரி தண்ணீர் ஊற்றினாள். அப்போது ரோஜா இலையில் ஒரு சின்னத் தேனீ உட்கார்ந்து, ஒரே சுற்றில் வட்டம் வெட்டியது. துண்டை வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் சட்டத்தின் பழைய ஓட்டைக்குள் புகுந்தது.

"அடிப்பாவி! அளவே எடுக்காம வெட்டுறாளே!"

"இலைவெட்டித் தேனீ. குஞ்சுக்கு அறை கட்டுது. செடிக்கு ஒண்ணும் ஆகாது. உன் அவரை காய்க்கிறதுல இதுக்கும் பங்குண்டு" என்றேன்.

சத்தம் கேட்டு வந்த அவள் புருஷன், "தேனீப் பெட்டி ஒண்ணு வாங்கிடவா? தேனும் கிடைக்கும்" என்றான்.

"பெட்டிக் கூட்டம் இந்தச் சின்னக் கொல்லையை மேஞ்சுட்டா இது பட்டினிதான்" என்றேன். "இதுக்குத் தேவை ஓட்டை போட்ட கட்டை. மருந்து அடிக்காத பூ."

"கேட்டீங்களா? வீட்டு ஆளைத் துரத்திட்டு விருந்தாளிக்குப் பந்தியா? கட்டையில துளை போடுங்க" என்று அவனை விரட்டிவிட்டு என்னிடம் திரும்பினாள். "தப்பு என்மேலன்னு அவகிட்ட எப்படிக்கா சொல்றது?"

"வாயாலதான்."

மறுநாள் காலை நான் போனபோது நாத்தனார் கட்டிலருகே நின்றாள்.

"கத்தரிக் கள்ளி வந்திருக்கேன். அம்மா தோளைப் பிடிங்க அண்ணி, நான் இடுப்பைப் பிடிக்கிறேன்" என்றாள் தையற்காரியிடம்.

இருவரும் சேர்ந்து பெரியவளை இடப்பக்கம் புரட்டினார்கள். முதுகுக்கு நான் தலையணை கொடுத்தேன். பிறகு, பென்சில் பருமனில் துளையிட்ட கட்டையைக் கிழக்குச் சுவரில், மழை படாத இடமாகப் பார்த்து மாட்டினார்கள்.