காப்பு கட்டிய பிறகு ஒரு விரால்

பருப்பு கொதிக்கிற வாசம்... மற்றவர்களுக்குப் பசி எடுக்கும். எனக்கு அப்போது குடலே புரண்டு வாய்க்கு வரும். தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்கு ஓடுவதே வேலையாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தோட்டம். கல்யாணமாகி நாலு வருசம் கழித்துத்தான் வயிற்றில் பிள்ளை தங்கியது. அதற்காக என் வீட்டுக்காரர் மாரியம்மனுக்குக் காவடி நேர்ந்திருந்தார். அந்த வருசத் திருவிழாவுக்குக் காப்பும் கட்டிக்கொண்டார்.

காப்பு கட்டிவிட்டால் எங்கள் தோட்டத்தில் அவ்வளவுதான். பத்து நாள் திருவிழா முடியும்வரை எந்த லயத்து வீட்டிலும் மீன், கருவாடு வாசம் வரக்கூடாது. காவடி எடுப்பவர் கோயிலில்தான் படுக்க வேண்டும். பெண்டாட்டி மேல் கைகூடப் படக்கூடாது.

வயிற்றில் இருந்த மகாராணிக்கு இதெல்லாம் தெரியுமா? அவள் மீன்தான் கேட்டாள். அதுவும் புளிப்புக்குக் கொறக்காய் போட்டு, மிளகு தூக்கலாக வைத்த ஆற்று மீன். வேறு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. கஞ்சி போனது, இடியப்பம் போனது, வெறும் தண்ணீரும் போனது. டிஸ்பென்சரி ஐயா பார்த்துவிட்டு, இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து சேலைன் ஏற்ற வேண்டும், பிள்ளை தங்குமா என்பதே சந்தேகம் என்றார்.

மாமியார் அழுதார். பிள்ளையைக் கொடுத்தவளுக்கே, அந்தப் பிள்ளை பேரைச் சொல்லித் துரோகம் செய்வதா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் கோயிலில் இருந்து வந்து வாசலில் நிற்பார். என்னைப் பார்ப்பார், மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்ப்பார், திரும்பிப் போவார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

எனக்குத்தான் வீம்பு வந்தது. நான் கலவானைப் பக்கம் அண்ணன்மாரோடு ஆற்றில் கிடந்து வளர்ந்தவள். தூண்டில் எனக்கு என்ன புதுசா?

தோட்டத்து எல்லை ஒரு ஆறு. அதற்கு அந்தப் பக்கம் நாடு... சிங்கள ஆட்களின் கிராமத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே காப்பும் இல்லை, கொடியும் இல்லை. என்னோடு கொழுந்து எடுத்த சோமா அக்காவின் வீடு அந்தக் கரையில்தான். விசயத்தைச் சொன்னதும், இவ்வளவு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சிங்களத்திலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் வீட்டுக்காரர் மாணிக்கக் குழி வேலைக்கு இரத்தினபுரி போயிருந்தார், பிடித்துத் தர ஆள் இல்லை. நீ ஒரு லூலா பிடித்துக் கொடு, நான் ஆக்கித் தருகிறேன் என்றார். லூலா என்றால் நம்ம விரால். பிள்ளைத்தாச்சிக்கு அதைவிட நல்ல மீன் கிடையாது என்பார்கள்.

மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, சிரட்டை நிறைய மண்புழு. கல்லுக்குக் கல் தாவி அந்தக் கரைக்குப் போய்விட்டேன். காலில் அட்டை ஏறியது ஏறியபடி இருக்க, தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொடிக் கெண்டைகள் புழுவைத் தின்றுவிட்டுப் போனதுதான் மிச்சம்.

அப்போது எதிர்க்கரையில், பூசைக்குக் குளிக்க என்று என் வீட்டுக்காரர் வந்து நின்றார். போச்சுடா, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனுசன் என்னைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"ஓடுற தண்ணியில எங்கிட்டு விரால் நிக்கும்... அந்தப் பலா வேருக்கு அடியில போடு புள்ள."

சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வேருக்கடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் கம்பு வளைந்தது. என்ன இழுப்பு! நாள்கணக்கில் சாப்பிடாத உடம்பு... தலை சுற்றியது, பாசியில் கால் வழுக்கியது. வயிற்றைப் பிடிப்பதா, கம்பைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

அவர் எப்போது குதித்தார், எப்போது ஆற்றைத் தாண்டினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பின்னால் இருந்து என்னை அப்படியே தாங்கிக்கொண்டார்.

"நான் மீனத் தொடமாட்டேன். நீ இழு. ஒன்னைய நான் புடிச்சுக்கிறேன்."

இழுத்தேன். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் கல்லில் விழுந்து துள்ளியது. அப்புறம்தான் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். காப்பு கட்டிய கை என் வயிற்றின் மேல் இருந்தது.

"காப்பு போச்சேங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் கையை எடுக்கவில்லை. "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் தின்னு" என்றார்.

தின்றேன். சோமா அக்கா வீட்டுக் குசினியில் உட்கார்ந்து, சிவப்பரிசிச் சோறும் அந்த மீன் கறியும் இரண்டு தரம் போட்டுத் தின்றேன். ஒரு பருக்கைகூட வெளியே வரவில்லை. அங்கேயே பாயில் சுருண்டு தூங்கியும் போனேன்.

அவர் நேரே போய்ப் பூசாரியிடம் நடந்ததைச் சொல்லிக் காப்பைக் கழற்றிவிட்டார். அந்த வருசம் காவடி இல்லை. மாமியார் அவரோடு சரியாக முகம் கொடுத்தே பேசவில்லை. அடுத்த வருசம் அவர் காவடி எடுத்தபோது, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தவர் அதே மாமியார்தான்.

இப்போது அந்த ஆற்றுத் தண்ணீரை மேலேயே குழாயில் திருப்பி கரண்ட் எடுக்கிறார்கள். பலா வேருக்கடியில் கணுக்கால் அளவுகூட இல்லை. மீனுக்குக் குறையில்லை, டவுனில் எந்த நாளும் ஐஸ் போட்டு விற்கிறார்கள். மகள் கொழும்பில் வேலை செய்கிறாள், மீன் என்றாலே மூக்கைப் பொத்துகிறாள்!

வீட்டுக்காரர் மட்டும் மாறவில்லை. வருசா வருசம் காவடி. இந்த வருசமும் காப்பு கட்டியாகிவிட்டது. காலையில் வந்து வாசலில் தள்ளி நின்றே, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனார். தலை நரைத்துவிட்டது... இருந்தும் இந்தப் பத்து நாள் எனக்கு ரொம்ப நீளமாகத்தான் இருக்கிறது.