சின்னம்மா சொன்ன ஓம்

என் சின்னம்மாவுக்குத் திருகோணமலையின் பெரிய மனிதர்கள் எல்லாரையும் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவருடைய முகத்தையும் அவர் கண்டதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவருக்கு வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அம்மா சமைக்கும் குசினி வாசலில் நின்று, அன்று இணைப்புக் கேட்டவர்களைப் போலவே பேசிக் காட்டுவார். ஒரு கடை முதலாளி கொழும்போடு கதைக்கும்போது மட்டும் எழும்பி நின்று கதைக்கிறார், அது குரலிலேயே தெரிகிறது என்று சொல்லி, தானும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கியது அம்மாதான். அதை அம்மா மறந்ததுமில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினார். துறைமுகத்துக்குப் பின்னால் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த குவாட்டஸ் வீடுகளில் ஒன்றில் நாங்கள் நால்வரும் இருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது.

சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பாலையூற்றுக்காரர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். பந்தல்காரனைப் பற்றிக் கேட்க வந்தேன், மேளகாரரைப் பற்றிக் கேட்க வந்தேன் என்று ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு வருவார். சின்னம்மா பால் விடாத பிளேன்ரீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஊரையே பேசிக் காட்டியவர், மாப்பிள்ளையின் குரலை மட்டும் பேசிக் காட்ட மறுத்துவிட்டார். அதைத்தான் அம்மா விருப்பம் என்று எடுத்துக்கொண்டார்.

கலியாணம் நெருங்கியிருந்த ஒரு காலையில் சின்னம்மா எழும்பவில்லை.

அம்மா கூப்பிட்டார், உலுக்கினார், முகத்தில் தண்ணீர் தெளித்தார். இமைகள் கொஞ்சம் திறந்து மூடிக்கொண்டன. காய்ச்சல் இல்லை, வாயில் நுரை இல்லை. ஆழ்ந்த நித்திரை மட்டுந்தான். அப்பா தெருவில் போன லொறி ஒன்றை மறித்து அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே குழாய் விட்டு வயிற்றைக் கழுவிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அங்கிருந்த இளம் டாக்குத்தர் தனக்கு விளங்கவில்லை என்று உள்ளபடியே சொன்னாராம்.

எங்கள் வீட்டுக்கு அது போதவில்லை. அப்பாவின் அக்கா, என் மாமி, அன்புவழிபுரத்திலிருந்து வந்து இறங்கியதுமே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கலியாணம் வைத்த பெட்டை எழும்பாமல் கிடந்தால் அதற்கு ஒரே காரணந்தான். கண்டவனோடெல்லாம் டெலிபோனில் கதைக்கிற வேலை வேண்டாம் என்று அவர் முதலிலேயே சொன்னவராம்.

சில நாட்களில் சின்னம்மா கண் விழித்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டிலில் சாய்ந்து நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு அவருக்குச் சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. மாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

“குளிசை ஏதும் குடிச்சனியோ, பிள்ளை?”

“ஓம்.”

“தலையிடிக் குளிசையோ?”

“ஓம். தலையிடிக் குளிசைதான்.”

“எவ்வளவு குடிச்சனி?”

“இருந்தது எல்லாம்.”

“ஆருக்காகவடி? டெலிபோனில கதைக்கிறவனோ?”

“ஓம், அவர்தான்,” என்றார் சின்னம்மா, யாரோ நேரம் கேட்டதற்கு நேரம் சொல்வதைப் போல.

அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அலுமாரியைத் திறந்தார். தலையிடி மாத்திரைப் போத்தல் வாங்கி வைத்தபடி நிறைந்திருந்தது. அதை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

“அப்ப வேற எங்கேயோ வாங்கியிருப்பாள்,” என்றார் அப்பா.

அம்மா போத்தலைத் திரும்ப வைத்துவிட்டார். குடித்தவளே குடித்தேன் என்கிறபோது போத்தலின் பேச்சை யார் கேட்பது?

சின்னம்மா வீட்டுக்கு வந்தார். வந்தவர் பழைய சின்னம்மா இல்லை. பகலில் பாதியை நித்திரையில் கழித்தார். எழுப்பி இருத்தினால் இருத்திய இடத்திலேயே இருப்பார். பசி என்று கேட்கமாட்டார். குளிக்க வார்த்தால் குளிப்பார். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இராது. அவருடைய கண்கள் பக்கவாட்டில் போகும். மேலேயும் கீழேயும் போகாது. முன்னால் கோப்பையில் சோறு இருந்தாலும் அது அவருக்குத் தெரியாது. அம்மா கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். வாசற்படியில் அடிக்கடி இடறி விழுந்தார்.

பார்க்க வந்த சனங்களுக்கு இந்தக் கண்தான் பெரிய கதையாகப் போயிற்று. இவ்வளவு செய்துவிட்டும் தலை குனியவில்லை, ஆளை நேருக்கு நேர் பார்க்கிறாள், வெட்கம் கெட்டவள் என்று படலையைத் தாண்டும் முன்பே பேசிக்கொண்டார்கள். அவர் கொஞ்சம் நிலத்தைப் பார்த்திருந்தால் ஊர் பாதியாவது மன்னித்திருக்கும்.

மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தாய்க்குத் தெரியாமல் வந்தார். கதிரையில் இருந்து கைலேஞ்சியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். அம்மா சின்னம்மாவைக் கூட்டிவந்து அவருக்கு முன்னால் இருத்தினார்.

“என்னைத் தெரியுதோ?” என்று கேட்டார் அவர்.

“ஓம்.”

“நான் ஆர்?”

சின்னம்மா கொஞ்சம் யோசித்தார். “மீற்றர் பாக்க வந்தனீங்கள்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். “என்னைப் பிடிக்கேல்லை எண்டா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நானே விலகியிருப்பன். இப்பிடிச் செய்திருக்கத் தேவையில்லை.”

“ஓம்,” என்றார் சின்னம்மா.

அவர் எழும்பி அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பிளேன்ரீ அப்படியே இருந்தது. அடுத்த வாரம் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து பேச்சை முறித்துவிட்டுப் போனார். அவரும் மரியாதையாகத்தான் கதைத்தார்.

அம்மா தங்கையைக் கைவிடவில்லை. குளிப்பாட்டினார், ஊட்டினார், தலை வாரினார். ஆனால் தலை வாரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார்.

“ஆரடி அவன்?”

ஒரு நாள் கப்பலில் வேலை செய்கிறவர் என்பார் சின்னம்மா. இன்னொரு நாள் பாங்கு மனேச்சர். மற்றொரு நாள் மூதூர்க் கடை முதலாளி. ஒவ்வொரு முறையும் வேறு ஆள். அம்மாவுக்கு அது கள்ளத்தனமாகப் பட்டது. “பெத்த தாய் மாதிரிப் பாத்தனான். எனக்கே பொய் சொல்லுறாள்,” என்று அப்பாவிடம் சொல்லி அழுவார். சீப்பு வேகமாக இறங்கும். சின்னம்மா நோகுது என்றுகூடச் சொல்லமாட்டார்.

இப்படியே வருடங்கள் போயின. நான் பெரிய வகுப்புக்கு வந்திருந்தபோது, ஒரு மத்தியானம் சின்னம்மா நித்திரையிலேயே இறந்துபோனார். செத்த வீட்டில் ஒருத்தி அம்மாவின் காதருகே வந்து, “இந்த முறையும் ஏதும் குடிச்சவளோ?” என்று கேட்டாள். அன்று மாலை அம்மா அலுமாரியிலிருந்த மருந்தையெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

அதற்கெல்லாம் வெகுகாலத்துக்குப் பிறகு, நான் கொழும்பில் குடித்தனம் நடத்தும்போது, என் கணவரின் அண்ணன் ஒரு காலையில் எழும்பவில்லை. இந்த முறை படம் எடுக்கும் இயந்திரம் இருந்தது. மூளையின் நடுவே தலமஸ் என்ற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பொட்டுகளை ஒரு பெண் டாக்குத்தர் காட்டினார். அநேகமானோருக்கு இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு இரத்த நாளம் போகுமாம். மிகச் சிலருக்கு ஒரே நாளம் பிரிந்து இரண்டு பக்கத்துக்கும் போகும். அது அடைபட்டால் இரண்டு பக்கமும் ஒரேயடியாகப் பழுதாகிவிடும். ஆள் நித்திரையில் விழுவார். சிலர் தேறிவிடுவார்கள். சிலர் விழிப்பார்கள், ஆனால் நினைவும் விருப்பமும் அவர்களோடு விழிக்காது; கண்ணும் மேலே கீழே அசையாது. என் கணவரின் அண்ணன் தேறினார். இப்போது கடைக்குப் போகிறார், கிழமையை மட்டும் சில வேளை மாற்றிச் சொல்வார்.

நான் சின்னம்மாவைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்குத்தர் கேட்டார். வந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறார். “அப்ப அந்தக் காய்ச்சல் இருதயத்தைப் பழுதாக்கி, அதிலயிருந்து ஒரு இரத்தக்கட்டி போய் அடைச்சிருக்கலாம். படம் இல்லாமல் நிச்சயமாச் சொல்ல ஏலாது,” என்றார் டாக்குத்தர்.

“ஆனா குளிசை குடிச்சனான் எண்டு அவவே சொன்னவ.”

“ஞாபகம் இல்லாத இடத்தை வாய் நிரப்பிப்போடும். நீங்கள் கேக்கிறதுக்கு ஏத்த மாதிரித்தான் மறுமொழி வரும். அவையள் பொய் சொல்லுறதில்லை.”

அம்மா அப்போது உயிரோடு இல்லை. அப்பாவும் இல்லை. மாமி மட்டும் இருந்தார். அவருக்குக் காது கேட்காது. கச்சேரிக் கிளாக்கர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு விளையாட்டு ஞாபகத்துக்கு வந்தது. சின்னம்மா வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்த அந்த வருடங்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அவரும் வீட்டுக்குப் பின்னால் இருந்து துறைமுகத்து லோஞ்சுப் படகுகளைப் பார்ப்போம். எனக்கு அங்கே வேறு கூட்டாளி இல்லை.

“சின்னம்மா, காலமை நாங்கள் லோஞ்சில போனனாங்கள் எல்லோ?”

“ஓம்.”

“எங்க போனனாங்கள்?”

“மூதூருக்கு.”

“லோஞ்சை ஓட்டினது ஆர்?”

“நீதான். நல்லா ஓட்டினனி.”

“யானையும் ஏறினதோ?”

“ஓம். எங்களுக்கு இருக்க இடமில்லை.”

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். நான் சிரிப்பதைக் கேட்டு அவரும் சிரிப்பார். எதைக் கேட்டாலும் சின்னம்மா ஓம் என்பார் என்பது அந்த வீட்டில் எனக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது. அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தேன். எங்களுக்குப் பின்னால் அம்மா நின்று உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருப்பார். யானைக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “விசர்க் கதை கதைச்சது காணும், வாங்கோ, தலை இழுக்க வேணும்,” என்று சின்னம்மாவின் கையைப் பிடித்துத் தலை வாரிவிட உள்ளே கூட்டிப்போவார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவர் தன் கேள்வியைக் கேட்பதும், சின்னம்மா யாரோ ஒருவனைச் சொல்வதும், அம்மா விம்முவதும் எனக்குக் கேட்கும். நான் நாளைக்கு லோஞ்சில் இன்னும் எதை ஏற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.