முப்பத்தெட்டாவது ஆள்

அப்புத்தளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தேநீர்க் கடை வாசலில் நிற்கிறேன். ஐப்பசி மூட்டம் முகத்தை நனைக்கிறது. காலையில் முப்பத்தெட்டுப் பேர் மலைப்பாதையில் ஓடப் போனார்கள். வெற்றி தோல்வி இல்லாத ஓட்டம். ஓடி முடித்தவருக்கு ஒரு வாழைப்பழம். முப்பத்தேழு பேர் திரும்பிவிட்டார்கள். வராதவள் என் மகள்.

ஓட்ட உடுப்பில் பை இல்லையென்று அடையாள அட்டையை என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். வீடு இருக்கும் வெள்ளவத்தையில் கடைக்குப் பாண் வாங்கக்கூட அட்டை இல்லாமல் இறங்காத பிள்ளை. மேலே அட்டை கேட்கும் இராணுவச் சோதனைச் சாவடி இருப்பதைக் கடைக்காரப் பெண் இப்போதுதான் சொல்கிறாள்.

"எத்தன வாட்டி எண்ணுவீங்க ஐயா? எண்ணுனா ஆள் கூடுமா?"

"அவளின்ரை கார்ட் என்னட்டையெல்லே இருக்கு, பிள்ளை."

"அப்ப இங்க நின்னு என்ன செய்றீங்க? கொண்டு போங்க!"

ஏறுகிறேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது காலடியில் மூச்சு முட்டுகிறது. மூட்டத்திலிருந்து மகள் ஓடி வருகிறாள். அட்டையைப் பார்க்க, துப்பாக்கியோடு ஒரு சிப்பாயும் கூடவே ஓடி வருகிறான்.

"கீழ வாங்கோ அப்பா, முடிச்சிட்டுக் காட்டுவம்!" என்று கத்திக்கொண்டு தாண்டிப் போகிறாள்.

நான் இறங்கி வரும்போது எல்லோரும் இருவருக்கும் கைதட்டுகிறார்கள். சிப்பாய்க்கும் ஒரு பழம் கிடைத்திருக்கிறது. அதைத் தின்றபடியே, நான் நீட்டிய அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்க்கிறான், என் கையில் திருப்பி வைக்கிறான், மலையேறிப் போகிறான்.

"அப்பா, அவர் போயிட்டார்," என்கிறாள் மகள். "நீட்டின கையைக் கீழ விடுங்கோ."