வேன் கதவுக்குப் புது பீடிங்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வேனுக்கு ஹோஸ் பைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். கழுவுவதற்கு அல்ல. கதவு ஒழுகுகிறதா என்று பார்க்க.

வேன் எதிர்வீட்டு பஷீர் பாயுடையது. தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடைக்குச் சரக்கு ஏற்றி ஓய்ந்த அந்தப் பழைய வண்டியில்தான் இப்போது அவர் மனைவி நஸீமா அக்கா டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். திரும்பும்போது பின் சீட்டில் படுத்தபடிதான் வருவார். ஆட்டோவின் குலுக்கலை அந்த உடம்பு தாங்காது.

முந்தின வாரம் நல்ல மழை. வழியெல்லாம் பக்கவாட்டுக் கதவின் மேல் விளிம்பிலிருந்து சொட்டிச் சொட்டி, ஊசி போட்ட கையின் கட்டு முழுக்க நனைந்துவிட்டது. அன்று சாயந்திரமே காய்ச்சல். அந்தக் கையில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

கதவைச் சுற்றி ஓடும் ரப்பருக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் பீடிங். பாய் ஏற்கெனவே புது பீடிங் மாட்டியிருந்தார். அப்புறமும் ஏன் ஒழுகுகிறது? கழற்றிப் பார்த்தால் — ரப்பர் கவ்விப் பிடிக்க வேண்டிய தகர விளிம்பு துருவேறிக் கிடந்தது. பழைய பசை வேறு கட்டி கட்டியாக. புது ரப்பர் எங்கே உட்காரும்?

சனிக்கிழமை முழுக்கச் சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி துருவேறாமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துக் காயவிட்டார். ஞாயிறு காலை பீடிங்கைத் திரும்ப மாட்டி, இடையில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தார். தாள் சுலபமாக வந்தால் அங்கே ரப்பர் அழுந்தவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் விளிம்பைத் தட்டி நிமிர்த்தினார்.

"இப்ப உள்ள ஒருத்தர் உக்காந்து, தண்ணி எங்கேந்து வருதுன்னு பாக்கணும்" என்றார்.

நான் உட்காருகிறேன் என்றேன்.

"நீ இன்னாத்துக்கு? நனையறது நானு. எங்க சொட்டும்னு எனக்குத்தான தெரியும்?" நஸீமா அக்கா மெல்லப் படியிறங்கி வந்தார்.

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஞாயிறானால் நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள். வந்தவர்கள் கண் கலங்குவார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீறேன்" என்று அவர்களைத் தேற்றி அனுப்புவது அக்காவின் வேலை.

கதவு சாத்தப்பட்டது. பாய் தண்ணீரைத் திறந்தார்.

"வருதா?"

"இல்ல."

"இப்ப? இந்த மூலைல?"

"இல்லீங்க."

மூன்றாவது மூலைக்கும் தண்ணீர் அடித்தார். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். வழியும் தண்ணீருக்கு அப்பால் அக்கா குனிந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்தார். தோள் குலுங்கியது.

"ஐயோ பாய், அக்கா..." கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"வேணாம் சிஸ்டர்." பாய் என்னைப் பார்க்கவில்லை. "வூட்ல அவளுக்கு அழுவுறதுக்கு ஒரு எடம் இல்ல."

ஹோஸைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். இப்போது உள்ளே எதுவுமே தெரியவில்லை.

வாசலிலிருந்து அவருடைய மச்சான் குரல் கொடுத்தார். "இன்னா மச்சான், இன்னுமா ஒழுவுது?"

"ஆமா மச்சான். கொஞ்சம் பாக்க வேண்டியது கீது."

பாய் தண்ணீரை நிறுத்தாமல் அடித்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம். பாய் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். சீட்டில் பொட்டு ஈரமில்லை.

"ஒரு சொட்டு வரலீங்க" என்றார் அக்கா. பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போனார். "யாரு இன்னும் டீ குடிக்கல?" என்று அவர் கேட்பது தெரு வரைக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மறுபடி மழை. கட்டு நனையாமல் வந்து சேர்ந்தார்கள்.

நீங்களும் யாரையாவது நலம் விசாரிக்கப் போவீர்கள், இல்லையா? அங்கிருந்து கொஞ்சம் சீக்கிரமே கிளம்பி வந்துவிடுங்கள்.