காத்து மெஷின்காரரைக் காணோம்

எங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் புத்தகம்னா ஆகாது. ஆனா அந்த விண்வெளிக் கப்பல் கதை மட்டும் வேற. மொத்தம் பதினொரு புத்தகம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் நான் வாசிச்சு வாசிச்சுத் தமிழ்ல சொல்லணும், அவர் பாயில படுத்துக்கிட்டுக் கேப்பார். ஆறு முடிச்சாச்சு. அவருக்குப் பிடிச்சது கேப்டன் இல்ல, கப்பலோட அடியில கெடந்து காத்து மெஷினைப் பாத்துக்கிற ஆளு. "அந்தாளு ஒரு நாள் லீவு போட்டா அம்புட்டுப் பேரும் காலி"ன்னு சிரிப்பார். இவரும் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில போர்மேன், அந்தப் பாசம்தான்.

அதே கதை சீரியலா டிவிக்கும் வந்துருச்சு. பதினொண்ணும் முடிச்ச பெறகு சேந்துதான் பாக்கணும்னு எங்கிட்ட கையடிச்சு சத்தியம் வாங்கியிருந்தார். நான் ஏழாவது புத்தகத்தைத் திருட்டுத்தனமா வாசிச்சுட்டேன். அதுல காத்து மெஷின்காரர் செத்துப்போறார். இதை இவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தேன்.

தீபாவளி சீசன்ல ஒரு புதன்கிழமை, பதினோரு மணி இருக்கும். துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். தெக்க ஒரு சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்துச்சு. டெஸ்ட் வெடியா, மத்ததான்னு எங்க ஊர்க்காரிகளுக்குக் காதே சொல்லிரும். இது விபத்து. போன் அடிச்சேன். எடுக்கலை. எப்படி எடுப்பார்? கம்பெனிக்குள்ள போன் ஆகாது, கேட்டுல வாச்மேன் பெட்டியில போட்டுட்டுத்தான் போகணும். அந்தப் பெட்டிக்குள்ள எல்லார் போனும் ஒண்ணா அலறியிருக்கும். தெரியும். தெரிஞ்சும் அடிச்சுக்கிட்டே இருந்தேன். அங்கன போகலாம்னா ரோட்டை மறிச்சு பஸ்ஸைத் திருப்பி விடுறாகளாம்.

கை சும்மா இருக்கமாட்டேங்குது. அடுப்பைப் பத்த வச்சேன், அமத்துனேன், மறுபடி பத்த வச்சேன். பெறகு ஒரு கிறுக்குத்தனம் பண்ணுனேன். சீரியல்ல கதையை மாத்தியிருக்காகன்னு கேள்விப்பட்டிருந்தேன். அதுல அந்தாளைப் பொழைக்க வச்சிருந்தா இவரும் வந்துருவார்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! டிவியைப் போட்டேன்.

ஏழாவது புத்தகத்துக் கதை வர்ற பாகத்துக்கு ஓட்டுனேன். ஆளைக் காணோம். முந்தின பாகத்துக்குப் போனேன். காணோம். முதல் பாகத்துக்கே போனேன். கப்பல் இருக்கு, கேப்டன் இருக்கார், காத்து மெஷின்கூட இருக்கு, அதுபாட்டுக்கு ஓடுது. அப்படி ஒரு ஆளே இல்லை. செத்தாரா பொழைச்சாரான்னு கேக்கவே வழியில்லாம பண்ணிட்டாக. "அடப்பாவிகளா, ரெண்டு நிமிசம் அந்த மூஞ்சியைக் காட்டினா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போகுது"ன்னு டிவியைப் பாத்துக் கத்துனேன். அப்பத்தான் அழுகை வந்துச்சு.

மூணு மணிக்கு அவர் வந்தார். வாசல்ல நின்னவரை நெஞ்சுல ரெண்டு கையாலயும் குத்துனேன். "நம்ம கம்பெனி இல்ல புள்ள, பக்கத்துக் கம்பெனி"ன்னார். எனக்கு வந்தது சந்தோசம்தான். பொய் சொல்லலை, அம்புட்டு சந்தோசம்.

"சீரியலைப் பாத்துட்டேங்க. உங்க ஆளு அதுல இல்லவே இல்ல"ன்னு ஒளறுனேன். அது அவர் காதுல விழுந்துச்சான்னே தெரியலை. டிவியை நியூஸுக்கு மாத்துனார். பட்டாசு ஆலை, தொழிலாளர்கள் இத்தனை பேர் பலின்னு எழுத்து ஓடுச்சு. "பேரு போடலையே"ன்னார்.

சோத்தைப் போட்டு வச்சேன். தட்டுல கை வைக்காம, செத்தவுகள்ல தனக்குத் தெரிஞ்ச நாலு பேரையும் அப்பன் பேரோட, ஊர் பேரோட, ஒவ்வொண்ணாச் சொன்னார். மூணாவது ஆளு எங்க தெரு. கரண்டியை அப்படியே போட்டுட்டு, செருப்புக்கூட மாட்டாம அந்தாளு பொண்டாட்டிகிட்ட ஓடுனேன்.