அக்காளின் சுமைதாங்கி

நான் பிழைக்க வந்த நகரத்தில் ஒரு கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் புல்வெளியில் இந்தத் தை மாதம் சிற்பக் கண்காட்சி வைத்திருந்தார்கள். அனுமதி இலவசம் என்று போட்டிருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தேன். சிற்பம் என்றால் சாமியும் யானையுமாக இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். அங்கே சைக்கிள் செயின்களை அள்ளிக் குவித்து வைத்திருந்தார்கள். வயிற்றில் ஓட்டை போட்ட ஒரு பைபர் மாடு நின்றது. நம் வீட்டுப் பழைய சாமான்களை வெளியே எறியாமல் வைத்திருந்தால் நானும் சிற்பிதான் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

புல்வெளியின் கோடியில் மூன்று கற்கள் செங்குத்தாக நின்றன. இரண்டு குட்டை, நடுவில் நின்றது ஆளுயரத்துக்கும் மேல். அதில் எழுத்துகள் ஒருக்களித்துக் கிடந்தன. தலையைச் சாய்த்து வாசித்தேன். என் அக்காளின் பெயர். அடுத்து அப்பாவின் பெயர், எங்கள் ஊர். பக்கத்தில் இருந்த பலகையில் ‘தலைப்பில்லாதது’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பலகையைப் பிடுங்கி எறிந்திருப்பேன், காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போகிறவள் சுமையை இறக்காமலே போகிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவளுக்காகப் பாதையோரம் சுமைதாங்கி வைப்பார்கள். இரண்டு கல்லை நட்டு அதன் மேல் ஒரு நீளக் கல்லைப் படுக்கப் போடுவதுதான் சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர்கள் கை கொடுக்க ஆளில்லாமலே அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். யார் இறக்கினாலும் அவள் சுமையும் கொஞ்சம் இறங்கும். அக்காள் எட்டு மாதத்தில், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள். “இந்தக் காலத்துல யாருப்பா கல்லு வைக்கிறா” என்று ஊரில் கேட்டார்கள். அப்பா காதில் வாங்காமல், ஊர்ப் பாதைத் திருப்பத்தில் அவள் பெயரை வெட்டிக் கல் வைத்தார்.

அம்மா அந்தக் கல்லைச் சும்மா கடந்ததே கிடையாது. விறகோ மிளகாய் மூட்டையோ இருந்தால் சரி. டவுனுக்குப் போய்விட்டுக் கைப்பையோடு வந்தால்கூட, அந்தப் பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்க் கல்லில் இறக்குவாள். கூட வருகிற எனக்கு மானம் போகும்.

அப்பா காலமான பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். நாங்கள் காட்டில் மிளகாய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பகலில் மிஷின் வந்து கல்லைப் பெயர்த்து, லாரியில் ஏற்றிப் போய்விட்டது. அம்மா திருச்சுழி ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். கல் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தத் திருப்பத்தில் சுமையோடு சற்று நேரம் நிற்பாள், இறக்காமலே நடப்பாள். “அவ எறக்க எடமில்லாம நிக்கிறாத்தா” என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவாள்.

அதனால்தான் கல்லைப் பார்த்த அன்றே அம்மாவுக்குப் போன் போட்டேன். கல் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன், எப்படி நிற்கிறது என்று சொல்லவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். காட்டில் விளைந்த குதிரைவாலியை ஒரு வேட்டியில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அருங்காட்சியக வாசலில் இறங்கியதும் அதைத் தலைக்கு ஏற்றச் சொன்னாள். எழுபது தாண்டிய கழுத்து நடுங்கியது. செயின் குவியலையும் ஓட்டை மாட்டையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏத்தா, இத ஏன் நிமுத்தி வச்சுருக்காக?”

அங்கே பொறுப்பில் இருந்த இளம்பெண்ணை அழைத்து வந்தேன். மரியாதையான பெண். கல்லைச் சிற்பி ஒரு பழைய கல் வியாபாரியிடம் வாங்கியதாகச் சொன்னாள். “இவ்வளவு காலம் மத்தவங்க பாரத்தைத் தாங்கின கல் இல்லையா? அதை நிமிர்த்தி அதுக்கு விடுதலை கொடுத்திருக்கார். அதுதான் இந்தப் படைப்போட கருத்து.”

அது எங்கள் அக்காளுக்கு வைத்த கல் என்று சொன்னேன். கல்லில் இருக்கும் பெயரைக் காட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. சிற்பியிடம் பேசுவதாகச் சொன்னாள்.

“இன்னைக்கு மட்டும் படுக்கப் போடச் சொல்லும்மா. ஒரே ஒரு வாட்டி எறக்கி வச்சுட்டுப் போயிர்றேன்” என்றாள் அம்மா.

“முடியாதும்மா. அடியில கான்கிரீட் போட்டிருக்கு.”

காவலாளி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். அம்மா அசையவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நான் போய் அவள் முன்னால் குனிந்தேன். “என் மேல எறக்கும்மா. நானும் அவ கூடப் பொறந்தவதான.”

“சீ, எந்திரி. உசுரோட இருக்குறவ மேல எறக்குற சுமையா இது?” என்று அதட்டினாள். பிறகு கல்லைப் பார்த்து, என்னிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள். “ஒன்னைய நிக்க வச்சுட்டாகளே தாயி. வகுத்துப் புள்ளைக்காரிய இப்படி நிக்க வச்சுட்டாகளே.”

தலையில் மூட்டையோடேயே திரும்பி நடந்தாள். நான் பின்னால் அழுதுகொண்டே போனேன். வெளியே ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் நல்ல மனிதர். இறங்கி வந்து மூட்டையை வாங்கக் கை நீட்டினார். “குடுங்கம்மா, பின்னாடி வைக்கிறேன். எதுக்கு வெயிட்டை நீங்க சுமக்கணும்?”

அம்மா கொடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எங்கே போகணும் என்று ஓட்டுநர் கேட்டார்.