அடுத்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமை

சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களிடம் இன்று என்ன கிழமை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆடிப் பெருக்கன்று மாதிரிக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கினால், மார்கழி முடியும் வரை எங்கள் தலைக்குள் ஓடுவது அடுத்த வருஷம்தான். நான் புரூஃப் பார்க்கிறவள். தினசரித் தாள் ஒவ்வொன்றிலும் திதி, நட்சத்திரம், ராகு காலம், விரத நாள் எல்லாம் சரியா என்று வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது முடிந்தால் கடைக்காரர்களின் பெயரும் விலாசமும் அச்சாகிற அட்டைகள். ஒரு அமாவாசை தப்பினால் எத்தனை வீட்டில் தர்ப்பணம் தப்பும்! ஒருமுறை அப்படி ஒரு அமாவாசையை அச்சுக்குப் போகுமுன் பிடித்தேன். முதலாளி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு, பொய் சொல்வானேன்.

என் வீட்டுக்காரரும் இதே தொழில்தான், வேறு பக்கம். ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆந்திரா, ஒடிசா என்று கடை கடையாக ஏறி ஆர்டர் எடுப்பார். சீசனில் மாதம் ஒருமுறை முகத்தைக் காட்டினால் பெரிய காரியம். ஆக, வீட்டில் நானும் எங்கள் ஒரே மகளும். நான் மட்டும் எங்கே வீட்டில் இருந்தேன்? அவள் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வேனில் வந்து இறங்குவாள், எதிர்வீட்டு அக்காவிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்துகொள்வாள். நான் வர எட்டு ஆகிவிடும். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

தீபாவளி முடிந்தபின்தான் அது ரொம்ப உறைக்கும். பட்டாசுக் கம்பெனிகளுக்கெல்லாம் லீவு விட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள், வருஷமெல்லாம் விடிகாலையில் வேன் ஏறிப் போனவர்கள், அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடிக் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போவார்கள். எங்களுக்கோ அதுதான் உச்ச சீசன். விளையாட ஆளில்லாத தெருவில் என் மகள் ஒருத்தி மட்டும் இருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படத்தின் டிரெய்லரை என் போனில் பார்த்தாள். எந்த நாட்டுப் படமோ, தமிழில் டப்பிங். பேச ஆளில்லாத ஒரு பெண் பிள்ளை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறாள். உள்ளே தலைகீழாக ஒரு ஊர். அங்கே இருக்கிறவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் கையை நீட்டுகிறாள், அதோடு டிரெய்லர் முடிந்துவிடும். என் மகள் அதை எத்தனை தடவை பார்த்தாளோ, வசனம் முழுக்க மனப்பாடம்.

ஒருநாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா கம்பெனிக்கே போன் போட்டுவிட்டார். “ஏத்தா, ஒம் மக மாடியில தொட்டி மூடியத் தெறந்து வச்சுக்கிட்டு உள்ள பாத்துப் பேசிக்கிட்டிருந்தா. நான் சத்தம் போட்டு எறக்கி விட்டுருக்கேன். வந்து என்னான்னு கேளு.”

புரூஃபை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

“கூறு இருக்கா ஒனக்கு? உள்ள விழுந்தா என்ன ஆகும்?”

“நான் விழ மாட்டேன். சும்மா பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“யாருகிட்ட?”

“அங்கன இருக்கவுககிட்ட.”

அடிக்க ஓங்கிய கை இறங்கிவிட்டது. என்ன பேசினாய் என்று கேட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “சொன்னா ஒனக்குப் புரியாது. நீ அந்தப் படத்துக்கு என்கூட வா. ரெண்டு பேரும் பாத்துட்டா அப்புறம் எல்லாம் சொல்றேன்.”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. வீட்டில்தானே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த ஊரை என்னிடம் சொல்ல வேண்டும், என்னையும் அங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தொட்டி மூடியைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

அங்கேதான் சறுக்கியது. எங்கள் அடுப்படிச் சுவரில் தொங்கியது அடுத்த வருஷத்துக் காலண்டர். சாம்பிள் கட்டு வந்ததும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுவது எங்கள் வழக்கம். நடப்பு வருஷத்துக் காலண்டர் அதற்குப் பின்னால் அதே ஆணியில் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அதில் அந்த மாதத்தைப் புரட்டிப் பார்த்தேன்: பதினாறாம் தேதி, சிவப்பு எழுத்து, ஞாயிறு. ஒடிசாவில் இருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, “பதினாறாந்தேதி மதியக் காட்சி, ரெண்டு டிக்கெட் போடுங்க” என்றேன். அவர் பையிலும் இருப்பது அடுத்த வருஷம்தானே, மறுபேச்சுப் பேசாமல் போட்டு அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் தீபாவளிப் பாவாடை சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலைக்குப் பூ வைத்துவிடச் சொன்னாள். தியேட்டர் வாசலில் டிக்கெட் பார்க்கிற பையன் என் போனை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தான்.

“அக்கா, இது நேத்து டிக்கெட்டு. பதினாறு சனிக்கிழமை. இன்னைக்குப் பதினேழு.”

எனக்கு வந்ததே கோபம்! “தம்பி, நான் காலண்டர் கம்பெனியில புரூஃப் பாக்கிறவ. எனக்கே கிழமை சொல்லித் தாறீகளா?”

அவன் தன் போனை எடுத்துத் தேதியைக் காட்டினான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழனிப் பானையில் துள்ளி. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தது காதில் விழுந்தது. சரி, இன்றைக்கு ரெண்டு டிக்கெட் கொடுங்கள் என்று குரலை இறக்கிக் கேட்டேன்.

“படத்தத் தூக்கிட்டாகக்கா. நேத்தே கூட்டம் இல்ல. இன்னைக்கு எல்லாக் காட்சியும் பெரிய படம்.”

“விருதுநகர்ல ஓடுதா?”

“அங்கன வரவே இல்லக்கா.”

குனிந்து மகளைப் பார்த்தேன். அழவில்லை. “பரவால்லம்மா, வா போகலாம்” என்று என் கையைப் பிடித்தாள். தரையில் விழுந்து புரண்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பரோட்டா வாங்கித் தரவா என்றேன், சரி என்றாள். சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து பாவாடையை மடித்து வைத்தாள். நான் அடுப்படியில் அந்தக் காலண்டரை ஆணியோடு பிடுங்கி எறிந்தேன், அதனால் என்ன ஆகப்போகிறது!

அதற்குப் பிறகு அவள் மாடிக்கே போகவில்லை. டிரெய்லரும் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு நான் வரும்போது வீட்டுப்பாடம் முடித்து, தட்டுக் கழுவி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பாள். அது எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “தொட்டிக்குள்ள இருக்கவுக எல்லாம் எப்படி இருக்காக?” என்று கேட்டேன்.

“யாரு?” என்றாள்.

அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டாள் என்று புரிந்தது. அந்தச் சீசன் முழுக்க நான் அட்டைகளில் அடுத்தவர்கள் கடைப் பெயரைச் சரிபார்த்தேன், மனசு அவளிடமே கிடந்தது.

தை பிறந்தது. கடைசி லோடும் போய்விட்டது, ஆடி வரை கம்பெனியில் எனக்கு வேலை இல்லை. இனி நாலு மணிக்கு அவள் வேனில் வந்து இறங்கும்போது நான் வாசலில் நிற்கலாம். அந்தப் படமும் அப்போதுதான் டிவிக்கு வந்தது. சாத்தூர் சேவு வாங்கி வைத்து, பாய் விரித்து, அவள் வந்ததும் படத்தைப் போட்டேன். அவள் பையைக் கழற்றாமல் நின்றாள்.

“நான் பாத்துட்டேன்மா.”

“எங்கன பாத்த?”

“நானே பாத்துக்கிட்டேன். தெனமும் சாயங்காலம் வந்து கொஞ்சம் கொஞ்சமா.”

முதலில் புரியவில்லை. மனசுக்குள்ளேயே படத்தை ஓட்டியிருக்கிறாள் என்று புரிந்ததும் டிவியை அணைத்துவிட்டேன். “அப்ப எனக்கு அந்தக் கதையச் சொல்லு. இந்தப் படம் வேண்டாம்.”

அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஊரில் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் என்று கிடையாது, எந்நேரமும் வரும். ஆட்களை ஏற்ற வருகிற வேனெல்லாம் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டும். அந்தப் பெண் பிள்ளைக்கு அங்கே ஒரு வீடு உண்டு. வீட்டில் ஒரு அம்மா உண்டு.

கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! “அந்த அம்மா நான்தான?”

என்னைப் பாவமாகப் பார்த்தாள். “இல்லம்மா. அது வேற அம்மா.”

வலித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. “அவுக என்ன வேல பாக்காக?”

“ஒண்ணும் பாக்க மாட்டாக. அந்தப் பிள்ள பேசப் பேச, பக்கத்துல சும்மா உக்காந்திருப்பாக.”

நான் சும்மா உட்கார்ந்தேன். எனக்கு அது பழக்கமில்லை, கை எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. மடியில் கோத்து வைத்துக்கொண்டேன். அவள் கொஞ்ச தூரம் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

“போதும்மா. நீ போய் வேலையப் பாரு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

“எனக்கு வேலை இல்ல. இங்கனயே இருக்கேன்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இருப்பேன்.”

“எம்புட்டு நாளைக்கு?”

எப்போதும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஒருதடவை இவளுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். உள்ளதைச் சொன்னேன்.

“அடுத்த சீசன் வரைக்கும்.”

தை, மாசி, பங்குனி என்று முணுமுணுத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினாள். பிறகு பாயில் நகர்ந்து வந்து என் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்தாள். “அப்ப நான் வேகவேகமாச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு, மூச்சுக்கூட விடாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.